பிழை திருத்தும் பயிற்சிக்கு விடை மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாளிதழ்களின் மாணவர் பக்கங்களில், ஆங்கில வாக்கியங்களைக் கொடுத்துப் பிழையைக் கண்டுபிடிக்கச் சொல்லும் பயிற்சி வருகிறது. தேவையான பகுதிதான். ஆனால் விடை '1-பி, 2-ஏ' என்ற அளவில் நின்றுவிடுகிறது. எங்கே தவறினோம், ஏன் தவறினோம் என்பது மாணவருக்குப் பிடிபடுவதில்லை. அதே வகைப் பிழை வேறு சொற்களில் வந்தால் மறுபடியும் கோட்டை விடுகிறார்.

பலரும் வாக்கியத்தை ஒருமுறை வாசித்துவிட்டு, காதுக்கு உறுத்துகிற இடத்தைப் பிழை என்று குறிக்கிறார்கள். இந்த முறையை நம்ப முடியாது. 'டிஸ்கஸ் அபவுட்', 'ரிட்டர்ன் பேக்' போன்ற தவறான தொடர்களை அன்றாடம் கேட்டுக் கேட்டுக் காது பழகிவிட்டது; அவை உறுத்துவதில்லை. சரியான 'ஹி மேட் மீ வெயிட்' என்பதில்தான் ஏதோ விட்டுப்போனதுபோல் தோன்றும். அங்கே ஒரு 'டு' சேர்த்துப் பிழையை நாமே உண்டாக்குவோம். அந்த 'டு' செயப்பாட்டு வினையில்தான் வரும்: 'ஐ வாஸ் மேட் டு வெயிட்'.

எனவே காதை ஒதுக்கிவிட்டு வினையில் தொடங்க வேண்டும். முதலில் முற்றுவினைக்கு அடிக்கோடு. பிறகு 'யார்?', 'எது?' என்று கேட்டு எழுவாயைப் பிடிக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருப்பதை விரலால் மறைத்துவிட்டு வாசிக்க வேண்டும். 'தி லிஸ்ட் ஆஃப் நேம்ஸ் ஆர் ரெடி' என்பதில், 'ஆர்' என்ற வினையை ஒட்டி 'நேம்ஸ்' நிற்பதால் எல்லாம் சரிபோலத் தெரியும். எது ரெடி? பட்டியல். அது ஒன்றுதான், ஆகவே 'இஸ்'. 'அலாங் வித்', 'அஸ் வெல் அஸ்' ஆகியவற்றுக்குப் பின்னால் எத்தனை பேர் வந்தாலும் எழுவாயின் எண் மாறாது: 'தி டீச்சர், அலாங் வித் ஹெர் ஸ்டூடன்ட்ஸ், இஸ் வெயிட்டிங்'. 'நைதர்–நார்' வந்தால் வினைக்குப் பக்கத்தில் இருக்கும் பெயரைப் பார்க்க வேண்டும். 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட் ஆர்' என்பதில் இரண்டு பிழைகள். பெயர் பன்மையாக வேண்டும், வினை ஒருமையாக வேண்டும்: 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் இஸ்'. ஒன்றைத் திருத்திவிட்டு மற்றதை விட்டுவிடுபவர்களே அதிகம்.

அடுத்தது காலம். '2015-லிருந்து இங்கே வசிக்கிறேன்' என்று தமிழில் நிகழ்காலத்திலேயே சொல்லிவிடலாம். அதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவதால்தான் 'ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் 2015' பிறக்கிறது. அன்று தொடங்கி இன்றும் நீடிப்பதை ஆங்கிலம் 'ஹேவ் பீன் லிவிங்' என்றுதான் சொல்லும். 'சின்ஸ்' தொடங்கிய புள்ளியைக் காட்டும். 'ஃபார்' கால நீளத்தைக் காட்டும். எனவே 'சின்ஸ் டென் இயர்ஸ்' தவறு. 'எஸ்டர்டே' போல முடிந்துபோன நேரம் வாக்கியத்தில் இருந்தால் 'ஹேவ் சீன்' கூடாது, 'சா' போதும். 'ஐ ஆம் ஹேவிங் எ கார்' என்பதும் 'வைத்திருக்கிறேன்' என்பதன் நிழல்தான். உடைமையைச் சொல்லும்போது 'ஐ ஹேவ்' மட்டுமே. 'ஐ ஆம் ஹேவிங் லன்ச்' சரி, அங்கே அது சாப்பிடுவதைக் குறிக்கிறது. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் "ஹேவிங் வந்தால் தவறு" என்று சொல்லிக்கொடுப்பது, ஒரு பிழையை எடுத்துவிட்டு இன்னொன்றை வைப்பது.

நன்கு படித்தவர்களையும் ஏமாற்றுவது இது: 'வாக்கிங் டவுன் தி ரோட், எ டாக் பிட் ஹிம்'. பலர் 'பிட்' என்பதைக் குற்றம் சொல்வார்கள். பிழை முதல் பகுதியில் இருக்கிறது. 'வாக்கிங்' என்ற செயல் முதன்மை வாக்கியத்தின் எழுவாயோடு ஒட்டிக்கொள்ளும். இங்கே அது நாய். தமிழில் 'நடந்துபோகும்போது நாய் கடித்தது' என்றால் யார் நடந்தார் என்பதைச் சூழல் சொல்லிவிடும், குழப்பமில்லை. சோதிக்க எளிய வழி உண்டு. அந்த 'வாக்கிங்' இருக்கும் இடத்தில் 'நடந்துகொண்டே' என்று போட்டுப் பாருங்கள்: 'நடந்துகொண்டே நாய் அவனைக் கடித்தது'. கோளாறு உடனே தெரியும். 'வைல் ஹி வாஸ் வாக்கிங் டவுன் தி ரோட்' என்று திருத்தினால் தீர்ந்தது.

'டு', 'அபவுட்' போன்ற முன்னிடைச் சொற்களுக்குப் பொதுவிதி தேடிப் பயனில்லை. முன்னால் வரும் சொல்லோடு சேர்த்தே மனத்தில் பதிக்க வேண்டும். 'டிஸ்கஸ்', 'ரிசெம்பிள்', 'அவெய்ட்' ஆகியவற்றுக்குப் பின் எதுவும் வேண்டாம். 'சுப்பீரியர்', 'ஜூனியர்' வந்தால் 'தேன்' (than) இல்லை, 'டு'. ஆனால் 'லுக் ஃபார்வர்ட் டு மீட் யூ' தவறு என்பதைச் சோதித்தே அறியலாம். 'டு' என்பதற்குப் பின் 'தி ட்ரிப்' என்ற பெயர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள். பொருந்துகிறது. அப்படிப் பொருந்தினால் வினைக்கு 'இங்' வேண்டும்: 'மீட்டிங் யூ'.

'அன் அவர்', 'எ யூனிவர்சிட்டி' என்பவை எழுத்தைப் பார்த்து அல்ல, ஒலியைக் கேட்டு முடிவு செய்ய வேண்டியவை. காது உதவும் இடம் இதுதான். 'இன்ஃபர்மேஷன்ஸ்', 'ஃபர்னிச்சர்ஸ்', 'அட்வைசஸ்' மூன்றிலும் பன்மை விகுதியை நீக்கிவிடலாம்.

பயிற்சி தயாரிப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். 'நன் ஆஃப் தெம் ஆர்' என்பதையும், வாக்கியம் முன்னிடைச் சொல்லில் முடிவதையும் பிழையென்று தரக்கூடாது. நல்ல ஆங்கிலத்தில் இரண்டும் வழங்குகின்றன. 'தி டீம் ஆர்' என்பது பிரிட்டிஷ் வழக்கில் சரி, அமெரிக்க வழக்கில் அரிது. இப்படி வழக்குக்கு வழக்கு மாறுபவற்றைத் தேர்வுக் கேள்வியாக்கினால், விவரம் தெரிந்த மாணவர்தான் மதிப்பெண்ணை இழப்பார்.

விடைப் பகுதியில் திருத்திய வாக்கியத்தை முழுமையாகப் போட்டு, பிழைக்கான காரணத்தை ஒரு வரியில் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்துக்கு ஒன்றாவது பிழையே இல்லாத வாக்கியமாக இருக்கட்டும். எல்லாவற்றிலும் பிழை இருக்கும் என்று தெரிந்தால், சரியான சொல்லையும் சந்தேகிக்கும் பழக்கம் வந்துவிடும். இடம் போதாதென்றால் பத்து வாக்கியங்களை ஐந்தாகக் குறைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓர் ஆங்கில ஆசிரியர்