பெயர் பிறகு வரட்டும்: லேபர் வார்டில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

போனில் நீ கேட்ட கேள்விக்கு அன்றைக்கு அவசரத்தில் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. “பனிக்குட நீர் எம்போலிசம்னு புத்தகத்துல ஒரு பக்கம்தான் போட்டிருக்கு. அது வந்தா நான் எப்படிக்கா கண்டுபிடிக்கிறது?” என்று கேட்டாய். குழந்தையைச் சூழ்ந்திருக்கும் பனிக்குட நீர் தாயின் ரத்தத்தில் கலப்பதை ஒட்டி, பிரசவ நேரத்தில் திடீரென்று வரும் உயிராபத்து அது. தாலுகா ஆஸ்பத்திரிகளில் நைட் டியூட்டி பார்க்கும் மற்ற பிள்ளைகளுக்கும் இந்தச் சந்தேகம் இருக்கும். அதனால் எல்லோரும் படிக்கிற மாதிரி இங்கேயே எழுதுகிறேன்.

அந்தப் பெயரைக் கண்டுபிடிக்க நீ ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காதே. அதை உறுதி செய்யும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. வலியில் இருக்கும்போதோ, நஞ்சுக்கொடி விழுந்து அரை மணி நேரத்துக்குள்ளோ, காய்ச்சல் இல்லாத ஒரு பெண்ணுக்குத் திடீரென்று மூச்சும் பிபியும் சேர்ந்து விழுகிறது. அடுத்து ரத்தம் உறையாமல் போகிறது. வேறு எந்தக் காரணமும் பொருந்தவில்லை என்றால் டாக்டர்கள் இந்தப் பெயரைச் சொல்வார்கள். பெரும்பாலும் எல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் சொல்வார்கள். உன் கையில் இருப்பது அதற்கு முந்திய சில நிமிடங்கள்.

1926-ல் பிரேசிலில் மேயர் என்பவர் இதை முதலில் எழுதினார். 1941-ல் சிகாகோவில் ஸ்டைனரும் லஷ்பாவும், பிரசவத்தில் திடீரென்று இறந்த 8 பெண்களின் நுரையீரலை ஆராய்ந்தபோது, ரத்தக் குழாய்களுக்குள் குழந்தையின் தோல் செல்கள் கிடந்தன. பனிக்குட நீர் போய் அடைத்துக்கொள்கிறது என்றே வெகுகாலம் நம்பினார்கள். அப்புறம் பார்த்தால், இந்த நோயே இல்லாத கர்ப்பிணிகளின் நுரையீரல் ரத்தத்திலும் அதே செல்கள் இருந்தன. 1995-ல் அமெரிக்காவில் 46 பெண்களின் விவரங்களைத் தொகுத்த ஸ்டீவன் கிளார்க், இது கடுமையான அலர்ஜியைப் போல உடம்பே காட்டும் எதிர்வினையாக இருக்கலாம் என்றார். அந்த 46 பேரில் 61 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். பிரிட்டனின் பிந்தைய கணக்கில் இறப்பு ஏறக்குறைய 5-ல் 1. கணக்கெடுத்த விதம் வேறு என்பது உண்மைதான். ஆனாலும் பிழைக்கிறவர்கள் நிறையப் பேர் என்பதை மனதில் வை. வந்துவிட்டால் அவ்வளவுதான் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு நிற்காதே.

லட்சம் பிரசவத்துக்குச் சுமார் 2 முதல் 8 பேருக்கு வருகிறது. வயது கூடியவர்கள், இரட்டைக் குழந்தைகள், நஞ்சு கீழே இருப்பது, மருந்து கொடுத்து வலி வரவழைப்பது, சிசேரியன் ஆகியவற்றில் கொஞ்சம் அதிகம். ஆனால் எந்தத் தொந்தரவும் இல்லாத இளம்பெண்ணுக்கும் வரும். முன்கூட்டிச் சொல்லவும் முடியாது, தடுக்கவும் முடியாது.

சரி, உன் கண்ணுக்கு என்ன தெரியும்? பல நேரம் முதலில் அவளே சொல்லிவிடுவாள். “என்னமோ பண்ணுதுக்கா, பயமா இருக்கு” என்பாள். அதுவரை வலியைப் பொறுத்துக்கொண்டு நீ சொன்னதைக் கேட்டவள், திடீரென்று எழுந்து உட்காரப் பார்ப்பாள், மாஸ்க்கைப் பிடுங்குவாள், நடுங்குவாள், இருமுவாள். நம் லேபர் வார்டுகளில் இதற்குக் கிடைக்கும் பதில் உனக்கே தெரியும். “சும்மா படும்மா, எல்லாருக்கும் வர்ற வலிதானே” என்று ஒரு அதட்டல். இந்தப் பழக்கத்தை நான் மனசார வெறுக்கிறேன். உயிருக்கு ஆபத்து என்று ஒரு பெண்ணுக்குத் தோன்றுவதே ஒரு அறிகுறி. அவளை அதட்டாமல் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் சாச்சுரேஷன் கிளிப்பை விரலில் மாட்டு, பிபி பார், குழந்தையின் இதயத் துடிப்பைக் கேள். சாச்சுரேஷன் சரிந்து, மேல் பிபி 90-க்குக் கீழே போய், குழந்தையின் துடிப்பும் விழுந்துகொண்டிருந்தால் அங்கேயே நின்று குரல் கொடு. ஃபிட்ஸும் வரலாம். ஆளைத் தேடி நீ வெளியே ஓடாதே.

எக்லாம்ப்சியா (கர்ப்பகால பிபியால் வரும் வலிப்பு), மருந்து அலர்ஜி, முதுகில் போட்ட ஸ்பைனல் மயக்க மருந்து மேலே ஏறுவது, நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிவது, கர்ப்பப்பை கிழிவது, நுரையீரலில் ரத்தக்கட்டி, மாரடைப்பு என்று இதே மாதிரி தோற்றம் காட்டுபவை எத்தனையோ. டாக்டர்கள் ஒவ்வொன்றாக யோசிக்கட்டும். ஆக்சிஜன், மூச்சு, இதயம் என்று முதலில் கைவைக்கும் இடம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். வலி வரவழைக்கும் ஆக்சிடோசின் டிரிப் ஓடினால் நிறுத்து. வலிப்புக்கான மெக்னீசியம் ஓடிக்கொண்டிருந்து இதயம் நின்றுவிட்டால் அதையும் நிறுத்தி, அதன் மாற்று மருந்தான கால்சியம் குளுக்கோனேட்டை எடுத்து வை. டிரிப் ஏற்றும் வென்ஃப்ளான் ஊசி கையில் இருக்கட்டும், காலில் வேண்டாம்.

நாடி இல்லை என்றால் உடனே சிபிஆர், அதாவது நெஞ்சை அழுத்தி மூச்சுக் கொடுப்பது. நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், கடினமான பலகை மேல், மல்லாக்கப் படுக்க வைத்து. பிரசவத்துக்கு முன்பு என்றால் ஒருவர் வேலை வயிற்றை நகர்த்திப் பிடிப்பது மட்டும்தான். அவளுடைய இடப்பக்கம் நின்று, இரண்டு கையாலும் கர்ப்பப்பையைத் தன் பக்கம், கொஞ்சம் மேலே தூக்கின மாதிரி இழுத்துப் பிடிக்க வேண்டும். கீழே அமுக்கினால் ரத்தக் குழாய் இன்னும் நசுங்கும். உடம்பையே சாய்த்து வைத்தால் நெஞ்சு அழுத்தம் சரியாக விழாது. இன்னொருவர் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுத வேண்டும். கர்ப்பப்பை தொப்புள் அளவிலோ அதற்கு மேலோ இருந்து, 4 நிமிடத்தில் நாடி திரும்பவில்லை என்றால், டாக்டர் அந்தக் கட்டிலிலேயே வயிற்றைத் திறந்து 5-வது நிமிடத்துக்குள் குழந்தையை எடுக்கப் பார்ப்பார். தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகும் நேரம் அது இல்லை. குழந்தைக்காக மட்டும் செய்வதும் இல்லை. வயிறு காலியானால் தாயின் இதயத்துக்கு ரத்தம் திரும்பும், சிபிஆர் பலன் தரும்.

பிபி இல்லை என்றதும் டிரிப்பை முழுசாகத் திறந்துவிடுவது நம் கையில் ஊறிய பழக்கம். இந்த நோயின் தொடக்கத்தில் நுரையீரலின் ரத்தக் குழாய்கள் இறுகி, இதயத்தின் வலப்பக்கம் தள்ள முடியாமல் வீங்கிப்போகிறது. லிட்டர் கணக்கில் ஏற்றினால் அந்த வீக்கம் கூடும், பிறகு நுரையீரலில் நீர் கோக்கும். எவ்வளவு ஏற்றுவது என்று மயக்க மருந்து டாக்டரைக் கேட்டே ஏற்று. அவர் பிபியைத் தூக்கும் நார்அட்ரினலின் கேட்பார், அது எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே தெரிந்து வைத்துக்கொள்.

நாடி திரும்பியதும் எல்லோரும் பெருமூச்சு விடுவார்கள். ரத்தப்போக்கு அப்போதுதான் தொடங்கும். கர்ப்பப்பை தொளதொளவென்று இருக்கும். ஊசி குத்திய இடம், தையல் போட்ட இடம், ஈறு எல்லாவற்றிலும் கசியும். லேப் ரிசல்ட் வரும்வரை சும்மா இருக்காதே. சுத்தமான சாதாரணக் கண்ணாடி டியூப்பில் 2 மில்லி ரத்தம் எடுத்து, உள்ளங்கையில் மூடிச் சூடாகப் பிடித்துக்கொள். 4 நிமிடம் கழித்து மெல்லச் சாய்த்துப் பார். பிறகு நிமிடத்துக்கு ஒரு முறை. 7 நிமிடம் ஆகியும் கட்டி பிடிக்காமல் தண்ணீர் மாதிரி ஓடினாலோ, பிடித்த கட்டி லேசாகத் தட்டியதும் உடைந்தாலோ, உறையும் சக்தி போய்விட்டது என்று சந்தேகப்பட வேண்டும். உடனே பிளட் பேங்குக்குச் சொல்: ரத்த அணுக்கள், எஃப்எஃப்பி (உறைய வைத்த பிளாஸ்மா), பிளேட்லெட் எல்லாம் சேர்த்து வேண்டும், ரத்தம் கட்டியாக உதவும் ஃபைப்ரினோஜன் குறையும் என்பதால் அது நிறைந்த கிரையோவும் வேண்டும் என்று. ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் ஆசிட் 1 கிராம், 10 நிமிடத்தில் மெதுவாகப் போக வேண்டும். கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் மெத்தர்ஜின், ப்ராஸ்டோடின் ஊசிகள் இரண்டும் நுரையீரல் அழுத்தத்தைக் கூட்டக்கூடியவை. பழக்க தோஷத்தில் லோடு பண்ணாமல் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டி வந்தால் 108-ஐச் சீக்கிரம் கூப்பிடுங்கள், போகிற இடத்துக்கும் முன்பே போன் போடுங்கள்.

வெளியே ஒரு குடும்பம் நின்றுகொண்டிருக்கும். உள்ளே எல்லோரும் ஓடுவதைக் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டு, ஒருவரும் ஒன்றும் சொல்லாமல் இருந்தால், அவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்? ஆரம்பத்திலேயே ஒருவர் போய், “அம்மாவுக்கு மூச்சும் பிபியும் திடீர்னு குறைஞ்சிருக்கு, டாக்டருங்க எல்லாரும் பக்கத்துலதான் இருக்காங்க, மறுபடியும் வந்து சொல்றேன்” என்று சொல்ல வேண்டும். சொன்ன மாதிரி மறுபடியும் போகவும் வேண்டும். நோட்டில் ஒவ்வொரு மருந்துக்கும் பக்கத்தில் மணி இருக்கட்டும். “நல்லாத்தானே உள்ளே போனா” என்று அவளுடைய அம்மா கேட்கும்போது, அவள் சாப்பிட்டதாலோ நடந்ததாலோ லேட்டாக வந்ததாலோ இது வரவில்லை என்று டாக்டரோடு சேர்ந்து நீயும் சொல். காலம் முழுக்க அவர்கள் தங்களையே குற்றம் சொல்லிக்கொண்டு இருக்கக் கூடாது.

இந்த வாரமே ஒன்று செய். உங்கள் வார்டு எமர்ஜென்சி ட்ரேயைத் திறந்து பார். பிளேடு, இரண்டு கிளாம்ப், மூச்சுக் கொடுக்க வேலை செய்கிற ஆம்பு பேக், கண்ணாடி டியூப் இருக்கிறதா? அப்புறம் வேலை குறைவான ஒரு மதியம், கட்டிலில் தலையணையைப் போட்டு, யார் நெஞ்சை அழுத்துவது, யார் வயிற்றைப் பிடிப்பது, யார் நேரம் எழுதுவது, யார் வெளியே போய்ச் சொல்வது என்று ஒரு தடவை செய்து பாருங்கள். அட்டெண்டர் அக்காவையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ராத்திரியில் பிளட் பேங்குக்கு ஓடப்போவது அவர்தான். டியூட்டி டாக்டர் தயங்கினால் என் நம்பரைக் கொடு, நான் பேசுகிறேன்.

அன்புடன்,
அக்கா