பழைய பூங்கா மீட்புப் பணி: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

"ஓராண்டு முடிஞ்சுபோச்சு, ஒரு பூச்செடிகூட வைக்கலையே" என்ற பேச்சு ஆண்டு முழுக்கக் காதில் விழுந்துகொண்டே இருந்தது. கேள்வி நியாயமானதுதான். பூங்காவுக்குள் நுழைபவர் கண்ணில் படுவது தோண்டிய பள்ளமும், கயிறு கட்டிய மரங்களும், ஓடாத நீரூற்றும்தான். உழைப்பிலும் பணத்திலும் பெரும்பங்கு மண்ணுக்கடியில் போயிருக்கிறது. அது ஏன் என்பதைச் சொல்லவே இந்த அறிக்கையில் அதிக இடம் எடுத்துக்கொள்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

தோண்டிப் பார்த்தது

வரலாற்றுத் தோட்டங்களுக்கென, பாரம்பரியச் சின்னங்களைக் காக்கும் சர்வதேச அமைப்பான ஐகோமாஸ் 1982-இல் ஏற்றுக்கொண்ட ஃபுளோரன்ஸ் சாசனம், முழுமையான முன்னாய்வு இல்லாமல் மீட்பு வேலையில் இறங்கக் கூடாது என்கிறது. முதல் மூன்று மாதம் மண்வெட்டியைவிட அளவுநாடாவுக்கே வேலை அதிகம் இருந்ததற்குக் காரணம் இதுதான். 5 மீட்டருக்கு ஒரு புள்ளி என்று பூங்கா முழுக்க மட்டம் எடுத்தோம். மரங்களுக்கு எண் போட்டோம். பழைய வரைபடத்தையும் பழைய புகைப்படங்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டோம். இரண்டும் முரண்பட்ட இடங்களில் புகைப்படத்தையே நம்பினோம். வரைபடத்தில் இருப்பதெல்லாம் கட்டப்பட்டிருக்க வேண்டும் என்பதில்லை.

வரைபடத்தில் இருந்த ஒரு வளைவுப் பாதை தரையில் எங்கும் தெரியவில்லை. அது போயிருக்கக்கூடிய இடத்தின் குறுக்கே, 1 மீட்டர் நீளமும் அரை மீட்டர் அகலமுமாகச் சோதனைக் குழிகள் எடுத்தோம். மேலே 8 செ.மீ. இலைமக்கு. அடுத்து 14 செ.மீ. இடிசல் கலந்த மண். ஓட்டுச் சில்லு, சிமென்ட் கட்டி, கண்ணாடித் துண்டு எல்லாம் அதில் வந்தன. அதற்கும் கீழே, குத்தாக நிறுத்திய செங்கல் வரிசை அலுங்காமல் நின்றது. பாதையின் ஓரம் அதுதான்.

பாதை கிடைத்தது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய செய்தி அந்த 14 செ.மீ. இடிசல். எங்கோ நடந்த கட்டட வேலையின் கழிவைப் பூங்காவில் கொட்டிப் பரப்பியிருக்கிறார்கள். அதனால் நடுத்திடல் உயர்ந்து, தண்ணீர் போகும் திசையே மாறிவிட்டது. வடிகாலை நோக்கி ஓட வேண்டிய மழைநீர் சுற்றுச்சுவரை நோக்கி ஓடியது. சுவர் வயிறு தள்ளியதற்கும், வடக்குப் பக்கத்து மரங்கள் மூன்று பட்டுப்போனதற்கும், நடுத்திடலில் புல் பிடிக்காததற்கும் அடிப்படைக் காரணம் இதுவே. மேலே பூச்செடி வைத்திருந்தால் அடுத்த மழையில் அதுவும் அழுகியிருக்கும்.

வடிகால்

பழைய செங்கல் வடிகாலை மூடிவிட்டுப் புதுக் குழாய் பதிக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. கேமரா விட்டுப் பார்த்ததில் வடிகாலின் உடல் நன்றாகவே இருந்தது. நீர் ஓடுவதற்கான சரிவு, அதாவது வாட்டமும், 100-க்கு 1 என்ற அளவில் சரியாக இருந்தது. வண்டலும் சல்லிவேரும்தான் அடைத்திருந்தன. மேன்ஹோல்கள் ஆறில் இரண்டு மண்ணுக்கடியில் புதைந்திருந்தன. அவற்றைத் திறந்து, கீழ்முனையிலிருந்து மேல்நோக்கிச் சுத்தம் செய்தோம். மேலிருந்து தொடங்கினால் தள்ளிவிடும் வண்டல் கீழே போய் இன்னும் கெட்டியாக அடைத்துக்கொள்ளும். தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கும்போது அழுத்தத்தைக் குறைத்தே வைத்தோம். முழு அழுத்தத்தில் அடித்தால் பழைய சுண்ணாம்புச் சாந்து இணைப்புகளிலிருந்து பெயர்ந்து வந்துவிடும்.

ஒவ்வொரு நுழைவாயிலிலும் 45 செ.மீ. ஆழ வண்டல் தொட்டி கட்டியிருக்கிறோம். குழாயின் வாய் தொட்டித் தரையிலிருந்து 30 செ.மீ. மேலே இருப்பதால் மண் கீழே தங்கிவிடும், தெளிந்த நீர் மட்டும் போகும். தொட்டியை அள்ளாமல் விட்டால் பழைய கதைதான். மழைக்கு முன்னால் ஒரு முறை, இடையில் ஒரு முறை, முடிந்தபின் ஒரு முறை என்று மூன்று தடவை அள்ள வேண்டும்.

மரங்கள்

இங்கேதான் நம் கை அதிகம் அடங்கியிருக்க வேண்டியிருந்தது. அரை மீட்டர் விட்டமுள்ள மரத்தின் காக்க வேண்டிய வேர்ப்பரப்பு 6 மீட்டர் ஆரம் வரை போகும். மார்பு உயரத்தில் தண்டின் விட்டத்தை அளந்து 12-ஆல் பெருக்கினால் கிடைப்பது அந்த ஆரம். கயிறு கட்டியிருப்பது அந்த எல்லையில்தான். அதற்குள் வண்டி, ஜல்லிக் குவியல், சிமென்ட் கலவை எதுவும் கூடாது. ஒப்பந்தக்காரரின் டிராக்டர் ஒரு நாள், அதுவும் மழை பெய்த மறுநாள், கயிற்றைத் தள்ளிவிட்டு உள்ளே போய்த் திரும்பியது. ஈர மண்ணில் ஒரே ஒரு தடவை சக்கரம் ஏறியதற்கு, அந்தத் தடத்தில் 10 மி.மீ. கம்பியைக் கையால் ஒரு சாண் இறக்க முடியவில்லை. காற்றுப் புழை போன மண்ணில் வேர் மூச்சு விடாது.

இறுகிய மண்ணுக்கு உழவு தீர்வல்ல, அது வேரை அறுத்துவிடும். 5 செ.மீ. விட்டமும் 35 செ.மீ. ஆழமும் உள்ள துளைகளை 60 செ.மீ. இடைவெளியில் போட்டு, நன்கு மட்கிய உரத்தால் நிரப்பினோம். துளை போடும்போது கட்டைவிரல் தடிமன் வேர் தட்டுப்பட்டால் அந்தத் துளையை விட்டுத் தள்ளிப் போட்டோம். மேலே 8 செ.மீ. மூடாக்கு. தண்டை ஒட்டி ஒரு சாண் இடம் வெற்றாகவே இருக்கும். அங்கே மூடாக்கைக் குவித்தால் பட்டை ஈரத்திலேயே ஊறி அழுகும். ஆர்வத்தில் தண்டைச் சுற்றிக் கோபுரம் கட்டிய உறுப்பினர்கள் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கவாத்து செய்ததில் பட்ட கிளைகளும், இருக்கைக்கு மேலே தொங்கிய விரிசல் கிளைகளும் மட்டுமே போயின. கனமான கிளையை முதலில் அடிப்பக்கத்திலிருந்து கால்வாசி அறுத்து, கொஞ்சம் தள்ளி மேலிருந்து வெட்டி விழவைத்து, மிஞ்சிய முண்டைக் கடைசியாகக் கிளை தண்டோடு சேரும் கழுத்துப் புடைப்புக்கு வெளியே அறுக்க வேண்டும். ஒரே வெட்டில் விழவைத்தால் பட்டை தண்டுவரை கிழிந்து வரும். வெட்டுவாயில் தார் பூச வேண்டாம், பொந்தில் சிமென்ட் அடைக்கவே வேண்டாம். முன்பு யாரோ அப்படி அடைத்த மரத்தில் சிமென்டைச் சுற்றி ஈரம் தேங்கி, உள்மரம் பஞ்சாகியிருந்தது.

சுற்றுச்சுவர்

வயிறு தள்ளிய பகுதியை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்று மதிப்பீடு வந்தது. பின்னால் தேங்கிய நீரை வடியவிட்டபின் நான்கு மாதம் விரிசலில் கண்ணாடித் துண்டு ஒட்டிப் பார்த்தோம், ஒன்றும் உடையவில்லை. சுவர் நகர்வதை நிறுத்திவிட்டது. ஆகவே இடிக்கவில்லை. பின்னால் சேரும் நீர் வெளியேறச் சுவரில் விட்டிருந்த நீர்த்துளைகளை முன்பு யாரோ சிமென்ட் பூசி மூடியிருந்ததும் சேர்ந்துகொண்டதுதான் கோளாறு. ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாகத் திறந்து, பின்பக்கம் ஜல்லி போட்டாயிற்று.

செங்கல் உதிர்ந்ததற்கும் அதே சிமென்ட்தான் காரணம். பழைய செங்கல் மென்மையானது. உள்ளே போன ஈரம் சாந்து வழியாக வெளியேற வேண்டும். சாந்தை எடுத்துவிட்டுச் சிமென்டைத் திணித்தால் ஈரம் செங்கல் முகம் வழியே வரும், உப்புப் பூக்கும், முகம் பொரிந்து விழும். செங்கல் தேய்ந்து சிமென்ட் மட்டும் துருத்திக்கொண்டு நிற்பதை இப்போதும் கிழக்குப் பக்கத்தில் பார்க்கலாம்.

சந்துகளை உளியால் 2.5 செ.மீ. ஆழம் சுரண்டினோம். கிரைண்டர் போட்டால் செங்கல் விளிம்பும் சேர்ந்து போகும். கலவை, நீற்றி மாதக்கணக்கில் ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த சொரசொரப்பு மணல் மூன்று பங்கு. சுவரை நனைத்துவிட்டுத்தான் பூச வேண்டும், ஒரு வாரம் ஈரக்கோணி தொங்க வேண்டும். மேற்குச் சுவரில் ஒரு நீளத்துக்கு மதிய வெயிலில் பூசி, கோணியையும் மறந்துவிட்டோம். மூன்றாம் நாள் விரலால் தொட்டால் பொடி. அவ்வளவையும் சுரண்டி மறுபடி பூசியதில் பத்து நாள் போனது. இப்போது சுவரின் எந்தப் பக்கம் நிழலோ அங்கேதான் அன்றைய பூச்சு.

நீரூற்று

நீரூற்று ஓடாததற்குப் பம்பைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். பம்பில் ஒன்றுமில்லை, தொட்டி ஒழுகியது. வெயிலில் ஆவியாவது எவ்வளவு, ஒழுகுவது எவ்வளவு என்று பிரிக்க ஒரு வாளி போதும். வாளியில் தொட்டி நீரையே நிரப்பி, அதே தொட்டியின் படியில் வைத்து, இரண்டிலும் மட்டத்தைக் குறித்து, பம்பை நிறுத்தி 24 மணி நேரம் விட்டோம். வாளியில் 6 மி.மீ. இறங்கியிருந்தது, தொட்டியில் 31 மி.மீ. வித்தியாசம்தான் கசிவு. பம்பு ஓடும்போதும் அதே அளவு இறங்கியதால், பம்பு தள்ளும் குழாயில் கோளாறில்லை என்று தெரிந்தது. அப்படியே விட்டதில் நீர்மட்டம் ஓர் இடத்தில் வந்து நின்றது. ஓட்டை அந்த உயரத்தில்தான் என்று வைத்துச் சுற்றிவர வண்ண நீரைச் சொட்டினோம். விளிம்புக் கல்லின் ஒரு சந்து அதை உறிஞ்சிக்கொண்டது. தொட்டி முழுவதற்கும் ரசாயனப் பூச்சு அடிக்கச் சொன்ன மதிப்பீட்டை அத்துடன் திருப்பி அனுப்பினோம்.

மின்சாரம் கொடுக்கும் முன் மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் கசிவுத் துண்டிப்பான் கட்டாயம் பொருத்தப்படும். அது வரும்வரை நீரூற்று ஓடாது.

இரும்பு வேலை

இசை மேடையின் கைப்பிடியில் அச்சில் வார்த்த வார்ப்பிரும்பும் அடித்து வடித்த தேனிரும்பும் கலந்திருக்கின்றன. வார்ப்பிரும்பைச் சாதாரண வெல்டிங் போட்டால் ஆறும்போது பக்கத்திலேயே விரியும். அதனால் உடைந்த துண்டுகள் பட்டறைக்குப் போயிருக்கின்றன, இன்னும் வரவில்லை. பழைய பெயின்ட் அடுக்குகளில் நச்சான ஈயம் இருக்கிறது. உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போடுவது தடை. ஈரமாக்கிச் சுரண்டி, கீழே விரித்த தாளோடு சுருட்டி எடுக்க வேண்டும். இந்த வேலையில் தன்னார்வலர் வேண்டாம், பிள்ளைகள் பக்கத்தில்கூட வேண்டாம்.

புழக்கம்

நியூயார்க்கின் பிரயன்ட் பூங்கா 1992-இல் மறுபடி திறந்தபோது, பார்வையை மறைத்த வேலிச்செடிகளை எடுத்து, வாசல்களை விரித்து, நகர்த்தக்கூடிய நாற்காலிகளைப் போட்டிருந்தார்கள். நமக்கும் அங்கிருந்து கற்க ஒன்றிரண்டு உண்டு. புதர்களை 75 செ.மீ.-க்குள்ளும், மரத்தின் கீழ்க்கிளைகளை 2.4 மீட்டருக்கு மேலும் வைத்தால், நிற்பவர் முகம் பாதையிலிருந்து தெரியும். மாலையில் பெண்கள் வருவார்களா என்பதை விளக்கின் வெளிச்சத்தைவிட இந்த இடைவெளி அதிகம் தீர்மானிக்கிறது என்பது செயற்குழுவின் கருத்து. விளக்குக் கம்பம் 4 மீட்டருக்கு மேல் வேண்டாம், கண்ணைக் கூசும் வெள்ளை ஒளியும் வேண்டாம்.

மீட்ட பாதையின் அடியில் 15 செ.மீ. ஜல்லி இரண்டு அடுக்காக இடித்து, மேலே 4 செ.மீ. குருணை கலந்த கிராவல், 40-க்கு 1 வாட்டம். மொத்தத்தையும் ஒரே அடுக்காகக் கொட்டி ரோலர் விட்டால் மேல்பகுதி மட்டும் இறுகும், ஒரு மழையில் பள்ளம் விழும். அகலம் 1.8 மீட்டர், சக்கர நாற்காலிகள் இரண்டு எதிரெதிரே வந்தால் ஒதுங்க இடம் இருக்கும். ஏற்றம் எங்கும் 12-க்கு 1-ஐத் தாண்டவில்லை. நடந்து நடந்து விழுந்த ஒற்றையடித் தடங்களில் இரண்டைப் பாதையாகவே ஏற்றுக்கொண்டோம். வேலி போட்டாலும் அங்கேதான் நடப்பார்கள்.

பழைய இருக்கைகள் மூன்றின் உயரம் 38 செ.மீ.தான். தரை உயர்ந்ததால் வந்த குறை. முழங்கால் வலிக்காரர் அதில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். 45 செ.மீ.-க்கு உயர்த்திக் கைப்பிடி வைத்திருக்கிறோம். இருக்கை நன்கொடை தர முன்வந்தவர்களுக்கு நன்றி. பெயர்ப் பலகை இருக்கையைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது என்பதையும், பத்தாண்டுப் பராமரிப்புத் தொகையும் சேர்த்தே நன்கொடை ஏற்கப்படும் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

வரும் ஆண்டு

நியூயார்க் சென்ட்ரல் பூங்காவை 49 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தோட்டக்காரரைப் பொறுப்பாக்கினார்கள். எதைக் கேட்டாலும் ஒரே ஆள் பதில் சொல்ல வேண்டிய நிலை அதனால் வந்தது. நம் பூங்காவுக்கு ஐந்து பகுதி போதும். பொறுப்பாளர் ஐவரை இன்றே பொதுக்குழு தேர்ந்தெடுக்க வேண்டும் என்று செயற்குழு கேட்டுக்கொள்கிறது. வண்டல் தொட்டி அள்ளுவது, வாரம் ஒரு முறை பம்பின் இலை தடுக்கும் வலையைக் கழுவுவது, சுவரில் முளைக்கும் ஆல், அரசக் கன்றுகளைப் பென்சில் தடிமன் ஆவதற்குள் வேரோடு எடுப்பது ஆகியவை அவர்கள் பொறுப்பு. கன்று தடித்துவிட்டால் இழுக்கக் கூடாது, செங்கலும் கூடவே வரும். தண்டை வெட்டி வேரைச் சாகடித்து, அது காய்ந்தபின் சாந்து வைக்க வேண்டும்.

வடிகால் ஒரு முழு மழைக்காலத்தைத் தாங்கிய பிறகே நடவு. எங்கே தண்ணீர் நிற்கிறது என்பதை அந்த மழையில் குச்சி நட்டுக் குறிக்க, குடையோடு வரத் தயாராக இருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கவும்.

இங்ஙனம்,
செயலாளர்