முட்டிக்கு அடியில் தலையணை வேண்டாம் என்றவருக்கு நன்றி

பெயர்கூடச் சொல்லாமல் போன பிசியோ அவர்களே, நன்றி.

ஏசிஎல் என்ற முட்டித் தசைநாரில் அறுவை முடிந்த காலுக்கு இதமாக இருக்கிறதே என்று முட்டிக்கு அடியில் தலையணை வைத்தால், மூட்டு மடங்கியபடியே இறுகிவிடும். சுருட்டிய துண்டு குதிகாலுக்கு அடியில்தான். முட்டியைக் கீழே அழுத்தித் தொடையை இறுக்கி 5 விநாடி, 10 தடவை. எத்தனை பொறுமையாகக் காட்டினீர்கள்!

இனி என்னால் விளையாட முடியாது என்பதை மழுப்பாமல் சொன்னதற்குத்தான் பெரிய நன்றி. ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்ற ஆறுதல்தான் பலரை ஆண்டுக்கணக்கில் அந்தரத்தில் நிறுத்துகிறது. மண்டியிட முடியாதவர் நாற்காலியில் உட்கார்ந்தே வேண்டிக்கொள்ளலாம், கேட்பவர் முட்டியைப் பார்ப்பதில்லை என்றீர்கள்.

கையோடு ஒரு வேலையும் கொடுத்தீர்கள்: விளையாடும் சிறுவர்கள் குதித்து இறங்கும்போது முட்டி உள்பக்கம் சாய்கிறதா என்று கவனிப்பது. சாய்ந்தால் உடனே நிறுத்தி, இரு காலிலும் மெத்தென்று இறங்கச் சொல்வது.