பதினொண்ணாவது புக்கு இன்னும் புதுசாவே இருக்குடி

அன்பு செல்விக்கு,

இங்க எல்லாரும் சௌக்கியம். அத்தைக்கு முட்டி வலி தேவலையா? லெட்டர் போடலன்னு திட்டாத, திட்டுறதா இருந்தாலும் இதப் படிச்சிட்டுத் திட்டு, மனசு ஆறவே மாட்டேங்குது.

போன ஞாயித்துக்கெழம கயல பாக்க ஹாஸ்டலுக்குப் போனோம். வெள்ளைப் பணியாரம், காரச் சட்னி, அவ ரூம் புள்ளைகளுக்கும் சேத்து ஒரு டப்பா சீப்புச்சீடை. புள்ள எளச்சுட்டா. காலைல அஞ்சு மணிக்கு பெல்லு, ராத்திரி பத்தரை வரைக்கும் ஸ்டடி, தலை காயறதுக்குள்ள பின்னி மடிச்சுக் கட்டணுமாம், அதனால எப்பவும் சளி. சரி, ஹாஸ்டல்னா அப்படித்தான், நாம பாக்காததா, வார்டனம்மா டார்ச்ச நெனச்சுக்க!

ஆனா அவ பைய பாத்தேன் செல்வி. பதினொண்ணாவது பிசிக்ஸ் புக்கு அட்டை கூட மடங்கல, பக்கம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கு. பன்னெண்டாவது புக்கு மட்டும் கிழிஞ்சு, ஓரமெல்லாம் பேனா கிறுக்கல். பதினொண்ணு படிக்கிற புள்ளைக்கு ஜூன்லருந்தே பன்னெண்டாவது பாடந்தானாம். ஆபீஸ்ல போய்க் கேட்டா, "இந்த வருஷம் பதினொண்ணுக்குத்தான் பப்ளிக் இல்லையேம்மா, ரெண்டு வருஷம் இதையே ஓட்டுனா 600க்கு 590 வாங்கிருவா"ங்கிறாக.

2017-18ல பதினொண்ணுக்குப் பப்ளிக் வந்ததே இப்படிப் பாடத்தத் தாண்டி ஓடுறத நிறுத்தத்தான்னு நீதான அப்ப சொன்ன. புள்ளைகளுக்குப் பாரம் கொறையட்டும்னு 2025-26லருந்து எடுத்துட்டாங்க, அது நல்லதுதான், அதுக்காக பாடத்தையே எடுத்துருவாகளா? நீட்ல 180 கேள்வி, 720 மார்க்கு, ரெண்டு வருஷப் பாடமும் கலந்துதான் வருது, மனுச உடம்பு பத்துன பாடம் முக்காவாசி பதினொண்ணுலதான் இருக்கு, தப்பா ஷேட் பண்ணா ஒரு மார்க்கு வேற போயிரும். கயலு பன்னெண்டாவதுல வர்ற காந்தப்புலம் கணக்கு மடமடன்னு போடுறா, அதுக்கு அடிப்படையா பதினொண்ணுல வர்ற வெக்டர்னா என்னடின்னு கேட்டா முழிக்கிறா. அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டாம வளவுக்குத் தூண் நிறுத்துற கதையால்ல இருக்கு!

எங்க வீட்டுக்காரக என்னடான்னா பீஸ் கட்டியாச்சு, பேசாம இருங்கிறாக. அப்பத்தா, கவர்மென்ட் ஸ்கூல்ல சேருங்க, டாக்டர் சீட்டுல 7.5 சதவீத ஒதுக்கீடு கெடைக்கும்ங்குது, அது ஆறாவதுலருந்தே அங்க படிச்ச புள்ளைகளுக்குத்தானன்னு சொன்னா கேக்க மாட்டேங்குது. இந்தப் புள்ளையோ என் காதுக்கிட்ட வந்து, "எதுவும் கேக்காதம்மா, ரேங்க்ல கீழ போனா செக்‌ஷன் மாத்திருவாங்க"ங்குது. பதினாறு வயசுப் புள்ளைக்கு இவ்வளவு பயம் எதுக்குடி? எனக்கு அங்கயே அழுக வந்துருச்சு.

பொங்கலுக்கு லீவு விடுறாகளாம். நேரா தஞ்சாவூருக்கு ஒன்கிட்ட கூட்டியாந்துரவா? இத்தன வருஷமா பிசிக்ஸ் நடத்துறவ, வெக்டரும் நியூட்டன் விதியும் மட்டுமாச்சும் ஒக்காத்தி வச்சு சொல்லிக் குடு, கெமிஸ்ட்ரிக்கு ஒன் ஸ்கூல்ல யாராச்சும் இருந்தா கேட்டு வையி. எந்தப் பாடத்துலருந்து ஆரம்பிக்கணும்னு ஒரு பேப்பர்ல எழுதி அனுப்பு, அடுத்த விசிட்டுக்குள்ள வந்துட்டா கைல குடுத்துட்டு வந்துருவேன்.

ஒங்க வீட்டுக்காரருக்குக் கைமுறுக்கு கொண்டாறேன்னு சொல்லு.

ஒன்
வள்ளி