வாரத்துக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணச் சொன்னீர்களே, அப்பா

வின்னிபெக், கனடா
நவம்பர் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் இங்கே நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அம்மாவுக்குச் சுகர் பார்த்தீர்களா?

ஞாயிற்றுக்கிழமை போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே பஸ் வந்துவிட்டது. நீங்கள் கடைசியாகச் சொன்னது மட்டும் காதிலேயே நிற்கிறது. "வண்டிய சும்மா போடாத கண்ணு, வாரத்துக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிசம் ஓடவிடு." சங்ககிரியில் முப்பது வருஷம் லாரி ஓட்டியவரிடம் எதிர்த்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அதைத்தான் இந்த ஊரில் செய்யக்கூடாதாம். ஏன் என்று விவரமாக எழுதுகிறேன், படித்துவிட்டுத் திட்டுங்கள்.

முதலில் வண்டியை ஏன் நிறுத்தினேன் என்று சொல்லிவிடுகிறேன். கோடையில் சல்லிசாகக் கிடைத்தது என்று வாங்கிய பழைய கார் அது. பின்சக்கரம் தள்ளும் வண்டி. பனியில் அதை ஓட்டினால் வால் ஒரு பக்கம், தலை ஒரு பக்கம் போகும். குளிர்கால டயர் நாலு மாற்றவேண்டும் என்றால் வண்டி விலையில் பாதி ஆகிவிடும். வேலைக்குப் போக வீட்டு முனையிலேயே பஸ் இருக்கிறது. இந்த மாகாணத்தில் வண்டி இன்சூரன்ஸ் அரசாங்கக் கம்பெனியிடம்தான். ஓட்டாமல் நிறுத்திவைத்தால் 'லே-அப்' என்று குறைந்த கட்டணத்தில் திருட்டு, தீ இதற்கெல்லாம் மட்டும் காப்பீடு தருகிறார்கள். அதை எடுத்துவிட்டேன். ஆகவே ஏப்ரல் வரை ரோட்டில் இறக்க முடியாது. வீட்டுக்குப் பின்னால், சந்துக்குப் பக்கத்துக் காலி இடத்தில் திறந்தவெளியில் நிற்கிறது.

இப்போது உங்கள் பத்து நிமிஷத்துக்கு வருகிறேன். இங்கே ஜனவரியில் ராத்திரி மைனஸ் 20 சாதாரணம், சில நாள் மைனஸ் 35, 40 வரை போகும். அந்தக் குளிரில் எஞ்சின் நின்ற இடத்திலேயே பத்து நிமிஷம் உறுமினால் சூடே ஏறாது. பெட்ரோல் ஒரு லிட்டர் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே வருகிறது. ஓடுகிற வண்டியில் அது சைலன்சர் வழியாகப் போய்விடும். நின்ற வண்டியில் பாதி வழியிலேயே குளிர்ந்து, சைலன்சருக்குள் தேங்கி உறைந்து, உள்ளிருந்தே துருப்பிடிக்க வைக்கும். கொஞ்சம் எஞ்சின் ஆயிலிலும் கலக்கும். அதோடு, செல்ஃப் எடுக்கும்போது பேட்டரி இழக்கிற கரண்ட் பத்து நிமிஷத்தில் திரும்ப ஏறாது. ஒவ்வொரு வாரமும் கடன் கூடிக்கொண்டே போகும், அவ்வளவுதான். நம் ஊர் வெயிலில் நீங்கள் சொன்னது சரி. இங்கே வண்டியைத் தூங்கவிட்டால் அப்படியே விட்டுவிடவேண்டும்.

இதெல்லாம் எனக்குச் சொல்லித்தந்தது வீட்டுக்காரர். எண்பது வயது, பாட்டன் காலத்தில் உக்ரைனில் இருந்து வந்த குடும்பம், இளவயதில் டிராக்டர் ரிப்பேர் பார்த்தவர். நான் நீல நிறத் தார்ப்பாய் ஒன்று வாங்கி, லோடுக்குக் கட்ட நீங்கள் கற்றுக்கொடுத்த முடிச்சையே போட்டு இழுத்துக் கட்டிவிட்டு, ரொம்பப் பெருமையாக நின்றேன். வந்து பார்த்தார். முடிச்சைத் தடவி "நல்ல முடிச்சு" என்றார். "இப்போது அவிழ்த்துவிடு" என்றார். தார்ப்பாய்க்கு மூச்சு விடத் தெரியாதாம். ஈரத்தை உள்ளேயே வைத்துக்கொள்ளும், காற்றில் படபடத்துப் பெயின்டைத் தேய்த்துவிடும். முடிச்சாவது பாஸ் ஆனதே என்று அவிழ்த்தேன்.

நிறுத்துவதற்கு முன்னால் அடிப்பக்கம் வரை கழுவினேன். இங்கே ரோட்டில் பனி உருக உப்புப் போடுவார்கள், அது தகரத்தைத் தின்றுவிடும். டேங்க் நிறைய பெட்ரோல், அது கெடாமலிருக்க ஒரு பாட்டில் மருந்து. ஐந்தாறு டிகிரி குறைந்தால் டயரில் ஒரு பவுண்டு காற்று குறையும் என்பதால் 40 பவுண்டு பிடித்தேன். ஹேண்ட் பிரேக் போடவில்லை. மாதக்கணக்கில் இழுத்துவைத்தால் ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டு, உங்களைப் போலவே சக்கரத்துக்குக் கட்டை வைத்தேன்.

ரேடியேட்டரில் நீங்கள் குழாய்த் தண்ணீர் ஊற்றுவீர்களே, இங்கே அப்படிச் செய்தால் அது உறைந்து உப்பி எஞ்சின் பிளாக்கையே பிளந்துவிடும். கூலன்ட்டும் தண்ணீரும் பாதிப் பாதி கலந்தால் மைனஸ் 37 வரை தாங்கும். இந்த ஊருக்கு அது போதாது. கூலன்ட் நூற்றுக்கு 60 பங்கு வேண்டும்.

பேட்டரி கதைதான் பெரிது. சார்ஜ் இறங்க இறங்க உள்ளே ஆசிட் குறைந்து தண்ணீர் மிஞ்சுகிறது அல்லவா? நன்றாக சார்ஜ் இருக்கிற பேட்டரி மைனஸ் 50ஐயும் தாங்கும், இறங்கிப்போனது மைனஸ் 10லேயே உறைந்து வெடித்துவிடும். அதனால் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டேன். டெர்மினல் நட் சின்னது, கையுறையோடு ஸ்பேனர் பிடிபடவில்லை. கையுறையைக் கழற்றினேன். மைனஸ் 6தான், ஆனால் இரண்டாவது நட் கழலுவதற்குள் விரல் என்னுடையதே இல்லை. ஸ்பேனர் கீழே விழுந்த சத்தம் கேட்டுத்தான் அது கையில் இல்லை என்று தெரிந்தது. வீட்டுக்குள் வந்து வெந்நீரில் கை வைத்தபோது எரிந்த எரிச்சல், அம்மா மிளகாய் அரைத்த கையோடு என் முகம் கழுவிவிட்டது போல இருந்தது.

நீங்கள் ஸ்ரீநகருக்கு லோடு ஏற்றிப்போய், டீசல் நெய்யாக உறைந்து, டேங்குக்கு அடியில் தீ மூட்டின கதையை வீட்டுக்காரரிடம் சொன்னேன். சிரிக்கவில்லை. "வேறு என்ன செய்வது?" என்றார். இங்கே ஓடுகிற கார்களுக்கு முன்பக்கம் ஒரு வயரும் பிளக்கும் தொங்கும். ராத்திரி வீட்டு கரண்டில் சொருகிவிட்டால் எஞ்சினைச் சூடாக வைத்துக்கொள்ளும். ஆபீஸ் பார்க்கிங்கிலும் வரிசையாகப் பிளக் பாயின்ட். மாட்டுக்கொட்டகையில் கயிற்றில் கட்டின மாதிரி நிற்கும் கார்களைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும்.

கடைசியாக எலி. குளிருக்கு வண்டிக்குள் புகுந்து கூடு கட்டி வயரிங்கைக் கடித்துவிடும். அதற்கு சைலன்சர் வாயிலும் காற்று இழுக்கிற குழாயிலும் பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரை அடைத்திருக்கிறேன். எடுக்காமல் ஸ்டார்ட் செய்துவிடக்கூடாதே என்று அம்மா ஊறுகாய் சுற்றிக்கொடுத்த மஞ்சப்பையில் ஒரு துண்டு கிழித்து ஸ்டியரிங்கில் கட்டிவிட்டேன். பை போச்சு என்று அம்மாவிடம் சொல்லவேண்டாம்.

நேற்றுத்தான் முதல் பெரிய பனி. காலையில் ஜன்னலில் பார்த்தால் வண்டியைக் காணோம், வெள்ளையாக ஒரு மேடு. தூக்கி நிறுத்தின வைப்பர் இரண்டும் மட்டும் வெளியே தெரிகிறது.

ஏப்ரலில் பேட்டரி மாட்டி ஸ்டார்ட் பண்ணும்போது உங்களைக் கூப்பிட்டு, போனைப் பானெட் பக்கத்தில் வைக்கிறேன். இங்கே காலை என்றால் அங்கே ராத்திரி, தூங்காமல் இருங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்