நிலாவின் பந்துக்கு எந்தப் பேனா

எடிசன், நியூ ஜெர்சி
பிப்ரவரி 9

அன்புள்ள கதிர்,

மார்ச்சில் அரிசோனாவின் ஃபீனிக்ஸில் பேஸ்பால் அணிகளின் பயிற்சியைப் பார்க்கப் போய், பேத்தி நிலா பந்தில் ஆட்டக்காரர்களிடம் கையெழுத்து வாங்கப் போகிறாள் அல்லவா? போன வாரம் போனில் நீ கேட்ட, சின்ன வயதில் கையெழுத்து வாங்கிய உன் பழைய பந்தை அனுப்பவில்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். அதற்குப் பதிலாக இந்தப் பார்சலில் இரண்டு புதுப் பந்தும் நான்கு பேனாவும் இருக்கின்றன. பேனாவைப் பார்த்து, "என்னம்மா, இதெல்லாம் இங்கே கிடைக்காதா" என்று சிரிக்காதே. முழுதாகப் படி.

1998 கோடையில் உன்னைப் பேஸ்பால் ஆட்டம் பார்க்க ட்ரென்டன் ஆற்றங்கரை மைதானத்துக்கு அழைத்துப் போனோமே, உனக்கு அப்போது பத்து வயது. ஆட்டம் முடிந்ததும் வேலி ஓரம் நின்று, "அம்மா பேனா, பேனா" என்று கத்தினாய். கைப்பைக்குள் இரண்டு இருந்தன. ஒன்று சாதா பால்பாயின்ட், இன்னொன்று கறுப்பு மார்க்கர். அழியாத மை என்று அதன் மேலேயே எழுதியிருந்ததால் மார்க்கரை நீட்டினேன். ஆட்டக்காரப் பையன் ஒருவனும் உன் பந்தில் பளிச்சென்று கையெழுத்துப் போட்டுக்கொடுத்தான். அவன் பிறகு பெரிய லீக் பக்கம் போகவே இல்லை, அது வேறு விஷயம்.

அந்தக் கையெழுத்து இப்போது எப்படி இருக்கிறது தெரியுமா? அழுத குழந்தையின் கண்மை மாதிரி ஈஷிக் கிடக்கிறது. முதல் எழுத்து மட்டும்தான் தெரிகிறது. ஒவ்வொரு கோட்டைச் சுற்றியும் மஞ்சளாக ஒரு வளையம் வேறு. தப்பு என்னுடையது. பேனாவைக் கொடுத்தவள் நான், பந்தை உன் அறை ஜன்னல் மேடையில் வைத்தவளும் நான்.

அழியாத மை என்றால் கழுவினால் போகாது, அவ்வளவுதான் அர்த்தம். நகராது என்று யாரும் சொல்லவில்லை. மார்க்கர் மை நீர் மாதிரி ஓடும். தோலுக்கு நுண்ணிய துளைகள் உண்டு, மை அதில் இறங்கி வருஷக்கணக்கில் மெதுவாகப் பக்கவாட்டில் பரவும். 1974 வரை பெரிய லீக் பந்துகள் குதிரைத் தோல், அப்புறம் மாட்டுத் தோல். எந்தத் தோலானாலும் குடிக்கத்தான் செய்யும். பால்பாயின்ட் மை அப்படி இல்லை. எண்ணெய்ப் பசை கலந்த கெட்டி மை, வைத்த இடத்தில் நிற்கும். இன்னொன்று, அதன் முனை தோலை அழுத்திக் கொஞ்சம் பள்ளம் பண்ணும். மை மங்கினாலும் அந்தத் தடத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் பெயரைப் படித்துவிடலாம்.

போன வருஷம் உன் பந்தைப் பார்த்த ஆற்றாமையில் ஒரு வேலை செய்தேன். வீட்டுப் பழைய சாமான் விற்கிற கராஜ் சேலில் இரண்டு பழைய பந்து வாங்கி, மார்க்கர், ஜெல் பேனா, நீல பால்பாயின்ட் மூன்றிலும் உன் அப்பா பெயரை எழுதி, பாதிப் பந்தை அலுமினியத் தாளால் மூடித் தெற்கு ஜன்னலில் கோடை முழுக்க வைத்தேன். அப்பாவுக்கு ஒரே கேலி. ஜெல் எழுதிய அன்றே என் கட்டைவிரல் பட்டு இழுபட்டுவிட்டது. மார்க்கர் கோடு செப்டம்பரில் தடித்துப் போயிருந்தது. பால்பாயின்ட், மூடின பாதியில் அப்படியே. வெயில் பட்ட பாதியில் அதுவும் வெளுத்துவிட்டது. ஆக, நல்ல பேனா பாதி வேலைதான் செய்யும், மீதியை இருட்டு செய்ய வேண்டும். இரண்டில் ஒரு பந்து தோல் இல்லை, செயற்கை உறை. அதில் எதுவுமே ஒழுங்காக நிற்கவில்லை. மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை வாங்கிக்கொடுத்துவிடாதே.

சரி, பேனாவுக்கு வருகிறேன். நான்கும் நீலம், நடுத்தர முனை. கறுப்பில் போட்டால் அச்சடித்தது மாதிரி இருக்கிறது, நீலம்தான் கையால் எழுதியது என்று காட்டும். ஊசி முனை வேண்டாம், தோலில் விட்டுவிட்டு எழுதும். மூடி போட்டதும் வேண்டாம். ஒரு கையில் பந்து, ஒரு கையில் பேனா, ஆட்டக்காரர் மூடியை எங்கே வைப்பார்? அழுத்தினால் முனை வெளியே வருகிற வகைதான் அனுப்பியிருக்கிறேன். மைதானத்துக்குள் போகுமுன் ஏதாவது காகிதத்தில் நாலு சுழி சுழித்து மை ஓடுகிறதா என்று நிலாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்.

ஆமாம், அந்தக் கால பேஸ்பால் நட்சத்திரம் பேப் ரூத் கையெழுத்துகளெல்லாம் இன்னும் இருக்கிறதே, அவர் காலத்தில் பால்பாயின்ட் ஏது என்று கேட்பாய். நியாயம்தான். அமெரிக்கக் கடைக்கு அது வந்ததே 1945 அக்டோபரில், நியூயார்க்கில், ஒரு பேனா 12.50 டாலர். அவர் 1948இல் இறந்துவிட்டார். பெரும்பாலும் மைப் பேனாவில் போட்டவைதான். அவற்றில் நன்றாக இருப்பவை இழுப்பறைக்குள் இருட்டில் கிடந்தவை. பாதுகாக்கிறேன் என்று ஷெல்லாக் என்கிற அரக்கு மெருகைப் பூசினவர்கள் பந்து தேன் நிறமாகப் பழுத்துப் போனது. அந்த மாதிரி எதையும் பூசாதே.

எங்கே கையெழுத்து வாங்குவது என்று நிலாவுக்குக் காட்டு. தையல்கள் இரண்டும் நெருங்கி வருகிற குறுகலான இடம் இரண்டு உண்டு. ஒன்றில் லீக் கமிஷனர் கையெழுத்து அச்சாகி இருக்கும். எதிர்ப்பக்கம் வெறுமையாக இருப்பதுதான் ஸ்வீட் ஸ்பாட். ஒருவர் மட்டும் போடுவதானால் அங்கே. முழு அணியிடமும் வாங்கினால் அதை அணியை நடத்தும் மேனேஜருக்கு விட்டுவிடுவது வழக்கம்.

ஆட்டத்தில் பறந்து வருகிற பந்தைப் பிடித்தால் சந்தோஷம், ஆனால் கையெழுத்துக்கு அது வேண்டாம். வழவழப்புப் போக, நம் டெலவேர் ஆற்றுப் பக்கத்துச் சேற்றைத் தேய்த்துத்தான் ஆட்டத்துக்கே எடுப்பார்கள். அந்தப் பழுப்பில் நீலம் எடுபடாது.

மார்ச் என்றாலும் ஃபீனிக்ஸ் வெயில். நிலா கையெல்லாம் சன்ஸ்கிரீன் இருக்கும், அந்தக் கையால் பந்தைத் தொட்டால் எண்ணெய் ஏறும். துடைத்துவிட்டுக் கொடு. கையெழுத்து வாங்கினதும் பையில் திணிக்காமல் கொஞ்ச நேரம் தையலைப் பிடித்துக்கொண்டே நிற்கட்டும். காரில் கண்ணாடி முன்னால் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதே. உன்னைத்தான் சொல்கிறேன்.

அங்கே 15 அணிகள் பயிற்சிக்கு வருகின்றன, எல்லாவற்றுக்கும் ஓடாதே. காலையில் சீக்கிரம் போனால் வேலி ஓரம் கூட்டம் இருக்காது. பேனாவைத் திருப்பிக் கேட்க அவள் வெட்கப்படுவாள், அதற்காகத்தான் நான்கு.

உன் பந்தைப் பழைய காலுறை ஒன்றில் சுற்றி அலமாரி மேல்தட்டில் வைத்திருக்கிறேன். இன்னொரு வெயிலைப் பார்க்க வேண்டாம் என்றுதான் அனுப்பவில்லை. கோடையில் வரும்போது நிலாவுக்கு நீயே எடுத்துக் காட்டு. அந்த முதல் எழுத்து ஆர் என்கிறார் அப்பா, எனக்கு கே மாதிரித் தெரிகிறது. உனக்கு ஞாபகம் இருந்தால் எழுது.

அம்மா