உங்கள் கேம் மாஸ்டர் ஏன் சோர்ந்துபோனார்

கும்பகோணம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் நலம்.

ஞாயிற்றுக்கிழமை போனில் பேசியபோது, உங்கள் சனிக்கிழமை ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் இந்த மாதத்தோடு அதை நிறுத்திக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டதாக வருத்தப்பட்டாய். "அவருக்கு ஆர்வம் போயிடுச்சுப்பா" என்றாய். அந்தப் பேச்சு இரண்டு நாளாக என் மனத்தில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. சென்ற ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவுக்கு, மினியாபொலிஸுக்கு வந்து பிப்ரவரி வரை உன்னோடு இருந்தபோது, பனிக்குப் பயந்து வெளியே போகாமல், சனிக்கிழமைதோறும் சோபாவில் உட்கார்ந்து ஆளுக்கொரு வேடம் ஏற்று, மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதையாகவே ஆடும் உங்கள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தை முழுதாகப் பார்த்தவன் நான். ஆடாமல் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்ததால், ஆடிய உங்களுக்குத் தெரியாத சில விஷயங்கள் என் கண்ணில் பட்டன. அவற்றைச் சொல்வதற்குத்தான் இந்தக் கடிதம்.

முதல் இரண்டு வாரம் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஜெயித்தவர், தோற்றவர் என்று யாரும் இல்லாத ஆட்டத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மூன்றாவது வாரம்தான் கணக்குப் புரிந்தது. நீங்கள் ஐந்து பேரும் ஆளுக்கு ஒரு பாத்திரத்தைத் தாங்குகிறீர்கள். சத்திரக்காரர், அரசர், ஓநாய், மழை, பூட்டிய கதவு என்று மிச்சமுள்ள உலகம் முழுவதையும் அவர் ஒருவரே தாங்குகிறார். 1974-இல் இந்த ஆட்டம் முதன்முதலாக அச்சானபோது அந்த இடத்தில் இருப்பவரை நடுவர் என்றுதான் குறிப்பிட்டிருந்தார்களாம். மாஸ்டர் என்ற பெயர் பிறகு வந்தது. பெயர் என்னவோ எஜமானருடையது; வேலையைப் பார்த்தால் கல்யாண வீட்டுச் சமையற்காரருடையது.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை உனக்கு நினைவிருக்கிறதா? ஆறு மணிக்கு ஆட்டம். அவர் ஐந்தரைக்கே வந்து, கட்டம் போட்ட தாளில் வரைந்த ஓர் ஆற்றுத் துறையின் வரைபடத்தை மேசையில் விரித்து, தன் குறிப்புகளை மறைக்கும் அட்டைத் தடுப்பை நிறுத்தி, இருபது முகப் பகடையை அதன் பக்கத்தில் வைத்தார். பிறகு நாற்காலிகளை எண்ணினார். ஆறு ஐந்துக்கு ஒருவர் வரவில்லை என்று செய்தி வந்தது. ஆறு இருபதுக்கு இன்னொருவர். நீயும் அலுவலகத்திலிருந்து கிளம்பவில்லை. அம்மா போட்ட போண்டாவில் இரண்டைத் தின்றுவிட்டு, "பரவாயில்லை, அடுத்த வாரம் ஆடலாம்" என்று சிரித்துக்கொண்டே அவர் வரைபடத்தைச் சுருட்டி ரப்பர் பேண்ட் மாட்டினார். அப்போது நான் அவருடைய நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அந்த ஒரு மாலைக்காக மட்டும் பதினோரு பக்கம் எழுதியிருந்தார். அதில் ஒரு படகுக்காரி வருகிறாள்; அவள் கூலியாகக் காசு வாங்க மாட்டாள்; ஆற்றைக் கடக்க விரும்புபவர் தாம் செய்த ஒரு தவற்றை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதை அவர் எனக்கு விளக்கியபோது அவர் முகத்தைப் பார்த்திருந்தால், ஆர்வம் போய்விட்டது என்று நீ சொல்லியிருக்கமாட்டாய்.

அடுத்த வாரம் நீங்கள் ஐந்து பேரும் வந்தீர்கள். ஆற்றைக் கடக்க வேண்டாம், காட்டு வழியே போகலாம் என்று இரண்டே நிமிடத்தில் முடிவு செய்தீர்கள். அதில் தவறு ஒன்றும் இல்லை, எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்பதுதானே இந்த ஆட்டத்தின் அழகு. அவரும் முகம் சுளிக்காமல் பதினோரு பக்கத்தையும் ஒதுக்கிவிட்டு, அந்தக் கணத்திலேயே ஒரு காட்டை உண்டாக்கினார். முப்பத்திரண்டு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்த நான், பாடக்குறிப்பு இல்லாமல் ஒரு வகுப்புக்கும் போனதில்லை. அதனால் அந்த மூன்று மணி நேரம் அவர் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. ஆனால் அன்றிரவு கிளம்பும்போது உங்களில் ஒருவர்கூட, "ஆற்றங்கரையில் என்ன வைத்திருந்தீர்கள்?" என்று அவரைக் கேட்கவில்லை.

இந்த ஆட்டத்தின் கதையை நீதான் எனக்குச் சொன்னாய். உனக்கே அதைத் திருப்பிச் சொல்கிறேன். 1969-இல், உங்கள் ஊருக்குப் பக்கத்தில், மிசிசிப்பி ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் செயின்ட் பாலில், டேவிட் வெஸ்லி என்பவர் நெப்போலியன் காலத்துப் போர் விளையாட்டு ஒன்றை நடத்தினார். பிரவுன்ஸ்டைன் என்று ஒரு கற்பனை ஜெர்மானிய ஊரை அமைத்து, படைத்தலைவர்களோடு ஊர்க்காரர் வேடங்களையும் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தார். ஆட்டக்காரர்கள் போரை மறந்துவிட்டு, ஆளாளுக்கு ஒரு பக்கம் போய்ச் சூழ்ச்சி செய்யத் தொடங்கிவிட்டார்கள். தன் ஏற்பாடு குட்டிச்சுவராகிவிட்டது என்றுதான் வெஸ்லி நினைத்தார். ஆடியவர்களோ, இன்னொரு முறை நடத்துங்கள் என்று வந்து கேட்டார்கள். அவர்களில் ஒருவரான டேவ் ஆர்னெசன், பிறகு தானே பிளாக்மூர் என்ற உலகத்தை உருவாக்கி நடத்தினார். கேரி கைகாக்ஸோடு சேர்ந்து அவர் அச்சில் கொண்டுவந்த முதல் ஆயிரம் பிரதிகள்தான் உங்கள் மேசைவரை வந்து சேர்ந்த ஆட்டம். அன்றைக்கு யாரும் வந்து கேட்காமல் இருந்திருந்தால் வெஸ்லி அதை ஒரு தோல்வி என்று மூட்டை கட்டியிருப்பார் என்பது என் எண்ணம்.

பள்ளிக்கூடத்தில் நான் சனிக்கிழமைகளில் கணிதப் புதிர் வகுப்பு ஒன்று நடத்தினேன். அப்போது நீ கைக்குழந்தை. வாரத்துக்கு ஆறு புதிர் தயாரிக்க எனக்கு இரண்டு இரவு பிடிக்கும். பிள்ளைகள் வந்தார்கள், விடையை எழுதிக்கொண்டார்கள், போனார்கள். நான்காவது வருடம், உடம்புக்கு முடியவில்லை என்று ஒரு சாக்குச் சொல்லி நிறுத்திவிட்டேன். ஏன் நிறுத்தினீர்கள் என்று எந்தப் பிள்ளையும் கேட்கவில்லை, சக ஆசிரியர் எவரும் கேட்கவில்லை. ஒரே ஒரு பையன் வந்து, போன வாரத்துப் புதிருக்கு வேறொரு வழி இருக்கிறது சார் என்று சொல்லியிருந்தால் அடுத்த சனிக்கிழமையே வகுப்பைத் திறந்திருப்பேன்.

ஆகவே அவரிடம் போய், நீங்கள் பிரமாதமாக நடத்துகிறீர்கள் என்று பொதுவாகப் புகழாதே. அந்தப் புகழ்ச்சி வாசலைத் தாண்டுவதற்குள் உதிர்ந்துவிடும். முதலில் அவர் தலையில் இருக்கும் சில்லறை வேலைகளை இறக்கு. யாருக்கு எந்த நாள் ஒழியும் என்று ஐந்து பேரைத் துரத்திக் கேட்பது அவர் வேலையாக ஏன் இருக்க வேண்டும்? அதை நீ எடுத்துக்கொள். ஐந்தில் மூன்று பேர் வந்தாலும் ஆட்டம் உண்டு என்று ஒரு விதி வையுங்கள். பென் ராபின்ஸ் என்பவர் நடத்திய வெஸ்ட் மார்ச்சஸ் என்ற இதே வகை ஆட்டத்தில் நாளைக் குறிப்பதும், எந்தத் திசைக்குப் போவது என்று முன்கூட்டியே சொல்வதும் ஆட்டக்காரர்கள் பொறுப்பாம். உங்கள் குழுவுக்கும் அது நன்றாகப் பொருந்தும். காடா ஆறா என்று வியாழக்கிழமையே சொல்லிவிட்டால் பதினோரு பக்கம் வீணாகாது.

உன்னைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஆட்டத்தில் நீ ஏற்ற மந்திரக்காரிக்கு என்னென்ன மந்திரம் தெரியும், அது எவ்வளவு தூரம் பாயும் என்பதை உன் முறை வரும்போதெல்லாம் அவரிடம்தான் கேட்டாய். மற்றவர் முறையில் செல்போனைப் பார்த்தாய். உன் பாத்திரத்தின் விதிகளை நீயே படித்து வைத்துக்கொண்டால் அவருக்கு ஒரு சுமை குறையும். போன வாரம் என்ன நடந்தது என்பதை உங்களில் ஒருவர் முறைவைத்து எழுதிவைப்பதும் நல்லது. அதைப் படிக்கும்போது, தான் சொன்னதில் எது உங்கள் மனத்தில் தங்கியிருக்கிறது என்பது அவருக்கே தெரியும்.

இத்தனைக்குப் பிறகும் அவருக்கு ஓய்வு வேண்டும் என்றால் கொடுங்கள். ஆனால் ஆட்டத்தை மூடிவிடாதீர்கள். ஒரே மாலையில் முடியும் சிறிய கதை ஒன்றை நீயே நடத்து. தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, அவரும் ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, கவலையில்லாமல் பகடை உருட்டட்டும். நீ தடுமாறுவாய். தடுமாறினால் தடுமாறிவிட்டுப் போ. அந்த நாற்காலியில் ஒரு மாலை உட்கார்ந்து பார்த்தால்தான் நான் இவ்வளவு நீளமாக எழுதியதன் காரணம் விளங்கும்.

அம்மா முறுக்கும் அதிரசமும் பார்சல் போட்டிருக்கிறாள். அதிரசத்தில் பாதி அவருக்கு என்று என்னிடம் இரண்டு முறை சொல்லிவிட்டாள். அவரைப் பார்க்கும்போது எனக்காக ஒன்று கேட்க வேண்டும். ஆற்றுக்கு அக்கரையில், படகுக்காரியின் குடிசையில், ஒரு பூட்டிய பெட்டி இருப்பதாக அந்த நோட்டில் எழுதியிருந்தது. பக்கத்தைப் புரட்டுவதற்குள் அவர் சிரித்துக்கொண்டே நோட்டை வாங்கிவிட்டார். அந்தப் பெட்டிக்குள் என்ன இருந்தது என்று கேட்டு எழுது. சொல்ல முடியாது, ஆடித்தான் பார்க்க வேண்டும் என்று அவர் சொன்னால், நீங்கள் ஆற்றைக் கடக்கும் சனிக்கிழமை எது என்பதையாவது எனக்குத் தெரிவி.

அன்புடன்,
அப்பா